சதுரப் போத்தலும் கசப்பு நீரும்

சிலாங்கூர் மாநிலத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டுச் சமையற்கட்டின் மூலையில் கரும்பச்சை நிறப் போத்தல் ஒன்று நெடுங்காலம் இருந்தது. அது வட்டமானதன்று, நாற்சதுரமானது. அடி குறுகித் தோள் அகன்றிருக்கும். என் பாட்டி அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று சிறுவயதில் கேட்டபோது, "பெரிய துரை பங்களாவிலேருந்து வந்ததுய்யா. காய்ச்சலுக்குத் துரைமாரு குடிக்கிற மருந்து அதிலேதான் வரும்" என்றார்.

அஃது மருந்தன்று, ஜின் என்னும் மது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். மரப்பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்கிக் கப்பலேற்றுவதற்காகவே டச்சுக்காரர்கள் ஜின் போத்தலைச் சதுரமாக வார்த்தனர் என்பதையும் நூல்கள் வாயிலாக அறிந்தேன். எனினும் பாட்டி சொன்னது முற்றிலும் பொய்யா என்னும் ஐயம் என்னை விட்டகலவில்லை. அவ்வையத்தைத் துருவிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நாம் மதுவைப் பற்றி எழுதலாமா என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஒரு மதுவை யார் குடித்தனர், எவ்வாறு குடித்தனர், யார் அதனால் பொருளீட்டினர் என்று கேட்பது குடிப்பதற்குத் துணை போவதாகாது. அது வரலாற்று மாணவனின் கடமையே.

ஜூனிப்பர் என்பது குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலைச் செடி. நீலம் பாய்ந்த கருமணி போன்ற அதன் காய் முதிர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அக்காயின் வாசமே ஜின்னின் உயிர். 'ஜெனீவர்' என்னும் டச்சுப் பெயர் ஆங்கிலேயர் நாவில் 'ஜெனீவா' ஆகி, பின் தேய்ந்து 'ஜின்' ஆயிற்று. சுவிட்சர்லாந்து நகருக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சில்வியஸ் என்பவரே இதனைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் இன்றும் எழுதுகின்றன. அவர் பிறந்தது 1614இல். ஆனால் 1552இல் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான வடிநூல் ஒன்றிலேயே ஜூனிப்பர் நீர் இடம்பெற்றுவிட்டது. மாசிஞ்சர் என்னும் ஆங்கில நாடக ஆசிரியர் 1623இல் வெளியான தம் நாடகத்தில் 'ஜெனீவா'வைக் குறிப்பிடும்போது நம் பேராசிரியருக்கு வயது ஒன்பது! ஒருவர் சொன்னதை மற்றவர் சரிபாராது வழிமொழிவதால் வரும் கேடு இது.

தொடக்கத்தில் அது மருந்தாகவே கருதப்பட்டது. வயிற்று நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் அதனைக் கொடுத்தனர். வாற்கோதுமை முளைமாவையும் ரை என்னும் தானியத்தையும் புளிக்கவைத்து வடித்த சாராயமே அதன் அடிப்படை. அச்சாராயத்தின் கரட்டுச் சுவையை மறைக்க ஜூனிப்பரோடு வேறு சரக்குகளையும் சேர்த்தனர். அச்சரக்குகளின் பட்டியலைக் காணும் தமிழன் வியப்படைவான். கொத்தமல்லி விதை, ஏலக்காய், அதிமதுரம், பட்டை, வால்மிளகு என இன்றைய ஜின் வகைகளில் சேரும் பொருள்களுள் பாதியை நம் நாட்டு மருந்துக் கடையிலேயே பொட்டலம் கட்டி வாங்கிவிடலாம். இவற்றுட் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தது 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அக்கம்பெனி 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்துக்கொண்டது. நம் முன்னோர் கப்பலேறிய துறையும் கரையிறங்கிய துறையும் ஒரே வணிகக் கழகத்தின் கைக்குள் இருந்த காலம் அது.

ஜெனீவரைக் குடிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. துலிப் மலர் வடிவிலான சிறு கிண்ணத்தில் விளிம்பு தளும்பும்வரை ஊற்றுவர். கையால் தூக்கினால் சிந்திவிடும். ஆகவே கிண்ணத்தை மேசைமேல் வைத்தவாறே இடுப்பை வளைத்துக் குனிந்து முதல் மிடற்றை உறிஞ்ச வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய மதுக்கூடம் ஒன்றில் நரைத்த தலையர் இருவர் கிண்ணத்தின் முன் இவ்வாறு குனிந்து நின்றதைக் கண்டபோது, கைகூப்பாததுதான் குறை என்று எனக்குத் தோன்றியது. அன்று நானும் ஒரு மிடறு சுவைத்தேன். தானிய மணமும் இலேசான இனிப்பும் கொண்ட அந்த மது, நாம் ஜின் என்று இன்று அறிவதைவிட விஸ்கிக்கே நெருங்கிய உறவு எனலாம். இதனைக் கசப்பு நீரிலோ பழச்சாற்றிலோ கலப்பது வீண். தனித்தே குடிப்பதும், பக்கத்தில் ஒரு கோப்பை பீர் வைத்துக்கொள்வதும் அந்நாட்டு வழக்கம். 'பழையது', 'இளையது' என அவர்கள் பிரிப்பது வயதைக் கருதியன்று. செய்முறையைக் கருதியே என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்த மது கடல் கடந்து இலண்டன் சென்ற கதையைக் காண்போம். அது துயரக் கதை.

டச்சு இளவரசர் வில்லியம் 1689இல் இங்கிலாந்தின் மன்னரானார். பிரான்சு பகைநாடாயிற்று, பிரெஞ்சு பிராந்திக்குத் தடை வந்தது. 1690இல் நாடாளுமன்றம் உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்குவிக்கச் சட்டம் செய்தது. அம்மன்றத்தில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நிலக்கிழார்கள். விற்காது மிஞ்சிய தானியத்துக்குச் சந்தை வேண்டும். அரசுக்கு வரி வேண்டும். இரண்டும் ஒரே வழியில் நிறைவேறின. சில பத்தாண்டுகளில் இலண்டன் ஏழைகளின் சந்துகளில் மளிகைக் கடையிலும் தள்ளுவண்டியிலும் ஜின் விற்கப்பட்டது. குளிருக்கும் பசிக்கும் அதுவே மலிவான மாற்று. 1734இல் ஜூடித் டெஃபோர் என்னும் ஏழைப்பெண் ஏழையர் இல்லத்திலிருந்த தன் இரண்டு வயதுக் குழந்தையை வெளியே அழைத்துச் சென்று கழுத்தை நெரித்துக் கொன்றாள். இல்லத்தார் குழந்தைக்குக் கொடுத்திருந்த புத்தாடையை விற்று அப்பணத்தில் ஜின் வாங்கிக் குடித்தாள். அவள் தூக்கிலிடப்பட்டாள். அத்தானியத்தை விற்றவர் எவரும் விசாரணைக்கு உள்ளாகவில்லை.

1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறை விற்பனை உரிமத்துக்கு ஆண்டுக்கு 50 பவுன் என விதித்தது. அத்தொகை எந்தச் சிறு வணிகனாலும் எட்ட முடியாதது. உரிமம் பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். குடியோ குறையவில்லை, மறைவிடங்களுக்குச் சென்றது. காட்டிக் கொடுப்போர்க்குப் பரிசு அறிவித்தனர். மக்கள் அவர்களைத் தெருவில் அடித்தனர். டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்பவர் செய்த சூழ்ச்சி நகைப்புக்குரியது. அவர் ஒரு வீட்டை எடுத்து, சாளரத்தில் பூனை உருவம் ஒன்றைப் பொருத்தினார். அதன் வாயில் காசு போட்டால், பாதத்தின் அடியிலுள்ள குழாய்வழி ஜின் ஒழுகும். விற்றவன் யாரென்று காண முடியாததால் வழக்கும் தொடுக்க முடியவில்லை! 1755இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் அவரே இதனைப் பெருமிதத்துடன் எழுதி வைத்துள்ளார்.

1743இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. 1751இல் ஓவியர் ஹோகார்த் 'ஜின் சந்து' என்னும் படத்தை அச்சிட்டார். படியில் அமர்ந்திருக்கும் தாய் போதையில் சிரிக்க, அவள் கையிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. அதே ஆண்டில் வந்த சட்டம், வடிப்போர் உரிமமற்ற கடைகளுக்கு விற்பதைத் தடுத்தது. 1757இல் விளைச்சல் பொய்த்துத் தானியம் வடிப்பதற்கே தடை வந்தபோதுதான் வெறி உண்மையில் தணிந்தது. சட்டத்தைவிடப் பஞ்சம் வலிமை வாய்ந்தது போலும்! ஏறத்தாழ எண்பதாண்டுகளுக்குப் பின் இளைஞர் டிக்கன்ஸ் இலண்டன் ஜின் கடைகளைப் பற்றி எழுதுகையில், குடியைவிடப் பெரிய கேடு வறுமையும் அழுக்குமே என்று வாதிட்டார். இக்கருத்தை நம் நாட்டு வரலாற்றிலும் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஏழையின் நஞ்சு எவ்வாறு துரையின் பானமாயிற்று? அதற்கு ஒரு பொறியும் ஒரு கடற்படையும் காரணமாயின. 1830இல் ஈனியஸ் காஃபி உரிமை பெற்ற தூண்வடிகலம், முன்னையினும் தூய சாராயத்தை இடைவிடாது வடித்துத் தந்தது. கரட்டுச் சுவையை மறைக்கச் சர்க்கரை சேர்க்கும் தேவை அற்றுப்போயிற்று. அதுவரை விற்ற இனிப்பு வகைக்கு 'ஓல்ட் டாம்' என்று பெயர். இனிப்பற்ற புதுவகைக்கு 'இலண்டன் டிரை' என்று பெயர். இலண்டன் டிரை இலண்டனில்தான் வடிக்கப்பட வேண்டும் என்பதில்லை. அப்பெயர் ஊரைக் குறிப்பதன்று, முறையைக் குறிப்பது. வடித்த பிறகு வாசனை எதனையும் சேர்க்கலாகாது என்பதே அதன் இலக்கணம்.

கடற்படை அதிகாரிகள் விரும்பியது 1793 முதல் பிளிமத் துறைமுகத்தில் வடிக்கப்படும் ஜின். வெனிசுவேலா நாட்டு அங்கோஸ்துரா நகரில் டாக்டர் சீகர்ட் 1824இல் வயிற்றுக்கென உருவாக்கிய கசப்புச் சாற்றில் சில துளிகளைக் கிண்ணத்தில் சுழற்றி, அதன்மேல் ஜின் ஊற்றினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். எலுமிச்சைச் சாறும் அவ்வாறே. பல்லீறு கசியும் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்து. 1867இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் அதனை ஏற்றிச் செல்வது கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் லாக்லன் ரோஸ் அச்சாற்றைச் சர்க்கரையிட்டுப் பதப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதனை ஜின்னோடு கலந்தது 'கிம்லெட்' ஆயிற்று. இவ்வாறு ஜின் எங்கு சென்றாலும் ஒரு மருந்தைத் துணைக்கு அழைத்துச் சென்றதைக் காண்கிறோம். குடிப்பவனுக்கு அஃது ஒரு நல்ல சாக்கு.

அம்மருந்துகளுள் தலையாயது கொயினா. தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820இல் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவை அடக்க அன்று வேறு மருந்தில்லை. மருந்தின்றி வெப்ப நாடுகளில் பேரரசு இல்லை என்பதை உணர்ந்த பிரிட்டிஷார், 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கத்தை அனுப்பி விதைகளையும் நாற்றுகளையும் கொண்டுவரச் செய்தனர். அவை நட்டு வளர்க்கப்பட்ட இடம் நம் நீலகிரி. உதகமண்டலத்துத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுள் சீனக் கைதிகளும் இருந்தனர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால் அவர்கள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். விடுதலைக்குப் பின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். மலாயாவின் சஞ்சி நீலகிரிக்கும், தமிழகத்தின் சஞ்சி மலாயாவுக்கும் கப்பலேறிய விந்தையை என்னென்பது! நீலகிரியை விஞ்சியது ஜாவா. 1865இல் சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய உயர்ந்த விதைகளை வாங்கிய டச்சுக்காரர்கள், இரண்டாம் உலகப் போர்வரை உலகக் கொயினா வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர்.

கொயினாவைச் சர்க்கரையும் வாயுவும் ஏற்றிய நீரில் கரைத்து விற்கும் உரிமையை 1858இல் இலண்டனில் எராஸ்மஸ் பாண்ட் பெற்றார். அதுவே டோனிக் நீர். மலேரியாவுக்கு அஞ்சிய படைவீரர்கள் தமக்கு அளித்த கொயினாவின் கசப்பைப் போக்க ஜின் கலந்தனர் என்பது எங்கும் சொல்லப்படும் கதை. கேட்க இனிமையானது; சான்றோ மெலிந்தது. ஜின்னையும் டோனிக்கையும் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று 1868இல் இந்தியாவிலிருந்து வெளிவந்த விளையாட்டு இதழ் ஒன்றில் உள்ளது. அங்கே குதிரைப் பந்தயம் முடிந்து தாகத்துடன் வருவோர் அதனைக் கேட்கின்றனர்; நோயாளிகள் அல்லர். கணக்கும் இதனையே சொல்கிறது. இன்று அமெரிக்கச் சட்டம் ஒரு லிட்டர் டோனிக் நீரில் அனுமதிக்கும் கொயினா 83 மில்லிகிராம். மலேரியாவுற்ற பெரியவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவதோ சுமார் 1,800 மில்லிகிராம். இருபது லிட்டருக்கு மேல் குடித்தாலன்றி மருந்தாகாது! அக்காலப் பானத்தில் கொயினா கூடுதலாக இருந்திருக்கலாம். ஆயினும் மாலையில் இரண்டு கிண்ணம் அருந்தியவர் நோயைத் தடுத்தார் என்பதற்கில்லை.

இனிப்பற்ற ஜின்னுக்கு டோனிக் பொருந்துவதற்குக் காரணம் மருந்தன்று, சுவையே. ஜூனிப்பரின் பிசின்வாசமும் கொயினாவின் கசப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன. குளிர்ந்த நீராகவும், வாயு போகாததாகவும், ஜின்னைப் போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருத்தல் நலம் என்பர் அறிந்தோர். இதற்கு நேர்மாறானது 'சிங்கப்பூர் ஸ்லிங்'. இராஃபிள்ஸ் விடுதியில் பணியாற்றிய ஹைனானியர் ஙியாம் தோங் பூன் 1915இல் இதனை உருவாக்கினார் என்பது அவ்விடுதியின் கூற்று. அதற்கு முன்பே, 1903ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ச் செய்தித்தாளில், இளஞ்சிவப்பு ஸ்லிங் பேசப்பட்டுள்ளது. அன்னாசிச் சாறும் செர்ரி மதுவும் மேலும் பலவும் கலந்த அதில் ஜின்னைத் தேட வேண்டியிருக்கும். பெண்கள் பலர் முன்னிலையில் குடித்தாலும் பழச்சாறென்று தோன்றவே அந்நிறம் என்பர். 2018 முதல் சிங்கப்பூரிலேயே புங்கா கந்தான் பூவைச் சேர்த்து ஜின் வடிக்கத் தொடங்கியிருப்பது, நம் மண்ணின் வாசத்தை அறிந்த முயற்சி.

உலகில் மிகுதியாக ஜின் குடிப்போர் ஆங்கிலேயர் அல்லர், பிலிப்பினோ மக்கள். 1834 முதல் வரும் 'ஹினெப்ரா சான் மிகேல்' அவர்களின் ஏழையர் பானம். அதன் முத்திரையில் தேவதூதர் மிகேல் சாத்தானை மிதிக்கும் படத்தை 1917இல் வரைந்தவர், பின்னர் புகழ்பெற்ற ஓவியர் அமோர்சோலோ. அங்கே வட்டமாக அமர்ந்து, ஒருவர் ஊற்ற, ஒரே கிண்ணம் கைமாறிச் சுற்றிவரும். ஊற்றுபவர் யாருக்கும் கூடவும் குறையவும் விடார். குடிக்கும் முறைகளுள் மனிதத் தன்மை மிக்கது எதுவென என்னைக் கேட்டால் இதனையே சொல்வேன். நம் தோட்டத்துக் கள்ளுக்கடையின் மரப்பலகையில் கண்டதும் ஏறத்தாழ இதுதான்.

அக்கள்ளுக்கடைக்கு வருவோம். மலாயாவில் துரைமார்களின் மன்றங்களில் மாலைதோறும் வழங்கிய பானம் 'ஜின் பாஹிட்'. பாஹிட் என்றால் மலாய் மொழியில் கசப்பு. முன்னே சொன்ன கடற்படையின் இளஞ்சிவப்புக் கிண்ணம்தான் இங்கு வந்து மலாய்ப் பெயர் சூடிற்று. சாமர்செட் மாம் 1920களில் எழுதிய மலாயாக் கதைகளில் அதனைக் குடிக்காத துரையைக் காண்பது அரிது.

அதே காலத்தில் லயங்களில் மலேரியா வேட்டையாடியது. காடு அழித்து ரப்பர் நட்டபோது, நிழலில் ஓடிய மலையோடைகள் வெயிலுக்குத் திறந்தன. வெயிலோடையை விரும்பும் கொசுவினம் பெருகிற்று. இதனை ஆராய்ந்து கண்டவர் 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன். வடிகால் வெட்டியும் எண்ணெய் தெளித்தும் அவர் காத்த உயிர்கள் பல. வடிகால் வெட்டாத தோட்டங்களிலோ கொயினாவே கதி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போதே அதனை விநியோகிப்பர். நீலகிரியிலும் ஜாவாவிலும் விளைந்த அதே கசப்பு, மன்றத்தில் பனிக்கட்டியுடனும் பெரட்டில் தகரக் குவளையிலும் வந்தது. நோயைத் தடுக்கும் அளவு இருந்தது தகரக் குவளையில்தான் என்பது இதன் முரண்.

மாலையில் தொழிலாளிக்கு உரியது கள். தோட்டத்திற்குள்ளேயே கடை, தோட்ட நிர்வாகமோ அரசோ அதற்கு உடையவர். கொடுத்த கூலியில் ஒரு பங்கு அன்று மாலையே திரும்பி வந்தது. கள் சத்துள்ளது என வாதிட்ட துரைமாரும் இருந்தனர். குடிகார இனமென்று எழுதியவரும் அவர்களுள் உண்டு. 1690ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தின் நிலக்கிழார்களை இங்கே மீண்டும் சந்திக்கிறோம். ஆனால் நம்மவர் வாளாவிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சம கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, துரையின் முன் சைக்கிளிலிருந்து இறங்காதிருக்கும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. குடிப்பவனே கடையை மூடச் சொன்னான் என்பதை நம் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அவ்வேலைநிறுத்தத்தைத் துப்பாக்கியால் அடக்கினர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் அதே கோரிக்கையுடன் கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்தனர்.

பாட்டி மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. சதுரப் போத்தல் இப்போது என் நூலடுக்கின் மேல் இருக்கிறது. எத்தனை முறை கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போகவில்லை. பெரட்டில் கொயினா குடித்த கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். விழுங்கினோமா என்று பார்க்க வாயைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். காட்டிவிட்டு வரிசையைக் கடந்ததும் வாயில் போட்டுக்கொள்வதற்கென்று, முந்தானையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை முடிந்து வைத்திருப்பாராம்.